வாந்திக்குக் கட்சி கிடையாது

கஞ்சாவைப் பற்றித் தமிழில் இரண்டே இரண்டு கட்டுரைகள்தான் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. எழுதுகிற ஆள் மாறுவார், கட்டுரை மாறாது.

முதல் கட்டுரை 'சிவமூலிகை' என்று தொடங்கும். சித்தர்கள் வருவார்கள். வெள்ளைக்காரன் வந்து எல்லாவற்றையும் கெடுத்தான் என்று வரும். மருந்துக் கம்பெனிகளின் சதி வரும். நடுவில் ஒரு வரி: "கீமோதெரபி எடுக்கும் புற்றுநோயாளிகளின் வாந்தியை இது நிறுத்துகிறது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது." அதற்கு அடுத்த வரியிலிருந்து கேன்சரே குணமாகும், சர்க்கரை குறையும், மன அழுத்தம் போகும், கவிதையும் வரும்.

இரண்டாவது கட்டுரை போலீஸ் பிரஸ்மீட். மேஜைமேல் பொட்டலங்கள், பின்னால் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்ட நான்கு பையன்கள், சீரழியும் இளைய சமுதாயம். இதில் நோயாளி என்கிற ஆளே கிடையாது. யாராவது 'மருத்துவப் பயன்' என்று வாயெடுத்தால் போதும், "ஓஹோ, சாருக்கும் பழக்கம் உண்டோ?"

இரண்டு கட்டுரைகள்மேலும் எனக்கு ஒரே கோபம்தான். கீமோ முடிந்து மூன்றாவது நாள், பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை முதல் கட்டுரை விளம்பர மாடலாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டாவது கட்டுரை அவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. எனக்கு அந்த வாளிக்காரர் மட்டும்தான் முக்கியம். அவருக்குக் கஞ்சா எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு விடை இருக்கிறது. சின்ன விடை. அதைச் சின்னதாகவே வைத்திருப்பதில் இரண்டு தரப்புக்கும் லாபமில்லை. அதனால்தான் யாரும் அதைச் சொல்வதில்லை.

குமட்டல் என்பது

வாந்தியை நாம் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வாந்திதானே, ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு." பஸ்ஸில் வரும் வாந்திக்கு அது சரி. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு அது செல்லாது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து விரைப்பைப் புற்றுநோய்க்காரர்களை உண்மையாகவே பிழைக்க வைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் வாந்தித் தடுப்பு இல்லாமல் அதை ஏற்றிக்கொண்டவர்கள் ஒரே நாளில் பத்துப் பதினைந்து தடவை வாந்தியெடுத்தார்கள். உயிர் காக்கும் சிகிச்சையையே "போதும், விட்டுடுங்க" என்று பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. வாந்தி அந்த அளவுக்கு ஆளைத் தோற்கடிக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். மருந்து போனதும் குடலின் உட்சுவரில் இருக்கும் சில செல்கள் செரடோனினைக் கொட்டுகின்றன. வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மூளையின் அடித்தண்டுக்கு எடுத்துப்போகிறது: விஷம் வந்திருக்கு, வெளியே தள்ளு. அதே இடத்தில் ஏரியா போஸ்ட்ரீமா என்ற சின்னப் பகுதி ரத்தத்தை நேரடியாகவே மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் 24 மணி நேர வாந்தி பெரும்பாலும் செரடோனின் வேலை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வருவது வேறு ரகம், அதை ஓட்டுவது 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறு ரசாயனம். மூன்றாவதாக ஒன்று உண்டு. மருந்து ஏற்றுவதற்கு முன்பே வருவது. ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குள் ஆட்டோ திரும்பினாலே வயிறு புரளும். மூளை பாடம் படித்துவிட்டது.

கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. எங்கே வருகிறது? மூளையின் அந்த வாந்திப் பகுதியிலும் குடல் நரம்புகளிலும் சி.பி.1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. டி.எச்.சி. அதில் போய் உட்கார்ந்து, செய்தியின் சத்தத்தைக் குறைக்கிறது. அந்த ஏற்பிக்கென்று நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள் உண்டு. 1992இல் அதைக் கண்டுபிடித்த இஸ்ரேல் ஆய்வுக்குழு அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தது. ஆமாம், நம்ம ஆனந்தம்தான். ஆக, இதில் மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. வாந்திக்கான கம்பியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, டி.எச்.சி.க்கு அந்தச் சுவிட்ச் எட்டுகிறது.

வாசல் திறந்ததும் மறந்துபோனவர்

இந்த விஷயத்தை முதலில் கவனித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, நோயாளிகள். 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் கீமோ எடுத்த சில இளைஞர்கள், "சிகிச்சைக்கு முன்னாடி கஞ்சா பிடிச்சா எனக்கு வாந்தி வரலை" என்றார்கள். அந்தப் பேச்சை அங்கிருந்த புற்றுநோய் மருத்துவர்கள் மதித்தார்கள். 20 சொச்சம் நோயாளிகளுக்கு டி.எச்.சி.யையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, யாருக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். டி.எச்.சி. ஜெயித்தது. 1975இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளியானது. நோயாளி சொன்னதைக் கேட்டு, அதை அப்படியே நம்பிவிடாமல், சோதித்துப் பார்த்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் கேட்கப்போவது இதைத்தான்.

1985இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி.க்கு, டிரோனபினால் என்ற பெயரில், கீமோ வாந்திக்கென்றே அனுமதி கொடுத்தது. நல்லெண்ணெயில் கரைத்து கேப்ஸ்யூலுக்குள் அடைத்த டி.எச்.சி. (நல்லெண்ணெய் என்பது நகைச்சுவைக்காக இல்லை, நிஜமாகவே அதுதான்.) அடுத்த ஆண்டு அந்த கேப்ஸ்யூல் சட்டப்படி இரண்டாம் பட்டியலுக்குப் போனது, 1999இல் இன்னும் இளகி மூன்றாம் பட்டியலுக்கு. அந்த ஆண்டுகள் முழுவதும் அதே மூலக்கூறைத் தாங்கிய செடி, 'எந்த மருத்துவப் பயனும் இல்லாதது' என்ற முதல் பட்டியலிலேயே இருந்தது. 1988இல் போதைத் தடுப்புத் துறையின் சொந்த நீதிபதியான ஃபிரான்சிஸ் யங், செடியையும் கீழே இறக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். துறை அதை ஏற்கவில்லை. ஒரே மூலக்கூறு, இரண்டு சட்டம். சாஃப்ட்வேரில் இப்படி எழுதினால் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள்.

இடையில் எய்ட்ஸ் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டில் மேரி ஜேன் ராத்பன் என்ற வயதான பெண்மணி தன்னார்வலராக வேலை பார்த்தார். சாப்பிட முடியாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்த பையன்களுக்குக் கஞ்சா கலந்த பிரௌனி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். 1981, 1982, 1992 என்று மூன்று முறை கைதானார். ஊர் அவரை 'பிரௌனி மேரி' என்றது. அவரையும் அவர் பார்த்துக்கொண்ட நோயாளிகளையும் மனதில் வைத்துத்தான் 1996இல் கலிபோர்னியா மக்கள் மருத்துவக் கஞ்சாவுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். புற்றுநோய், எய்ட்ஸ், பசியின்மை என்று பட்டியல் போகும். கடைசியில், கஞ்சாவால் நிவாரணம் கிடைக்கும் வேறு எந்த நோயானாலும் சரி என்று முடியும். அந்தக் கடைசித் துண்டு வழியாகத்தான் வியாபாரம் உள்ளே வந்தது. வாந்தியெடுத்தவர் வாசலைத் திறந்துவிட்டார். உள்ளே போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறு பேர்

"திரும்பிப் பார்க்கவில்லை" என்று சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது.

1991இல் ஒண்டான்செட்ரான் வந்தது. செரடோனின் செய்தியை நேரடியாக மறிக்கும் மருந்து. இன்று நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே எமெசெட் என்ற பெயரில் கிடக்கிறது, குழந்தை வாந்தியெடுத்தால் சிரப்பாகக் கொடுக்கிறோம். 2003இல் சப்ஸ்டன்ஸ் பி-யை மறிக்கும் அப்ரெபிடன்ட் வந்தது. கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பிறகு ஓலான்சபைன் என்ற, மனநலச் சிகிச்சைக்காக வந்த பழைய மாத்திரை குமட்டலை அபாரமாக அடக்குகிறது என்று 2016இல் பெரிய சோதனையில் உறுதியானது. கடுமையான கீமோவுக்கு இன்றைய முறை இந்த நான்கும் சேர்ந்துதான்.

2015இல் காக்ரேன் அமைப்பு கஞ்சா சார்ந்த மருந்துகளை வைத்துக் கீமோ வாந்திக்கு நடந்த 23 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசியது. வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கின்றன. புரோகுளோர்பெரசின் போன்ற பழைய வாந்தி மருந்துகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம். தலைசுற்றல், மயக்கம், போதை எல்லாம் அதிகம், இருந்தும் நோயாளிகள் இதையே விரும்பினார்கள். ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை 1975க்கும் 1991க்கும் இடையில் நடந்தவை. அதாவது இன்றைய மருந்துகள் வருவதற்கு முன்னால். 'விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது' என்று ஃபார்வர்ட் செய்கிறீர்களே, அந்த விஞ்ஞானம் உங்களைவிட வயதில் மூத்தது பாஸ். அது தோற்கடித்த எதிராளி இப்போது களத்திலேயே இல்லை.

1996க்குப் பிறகு மாநிலம் மாநிலமாக மருத்துவக் கஞ்சா வந்தது. கடைகள் வந்தன, பங்குச் சந்தைக்குப் போன கம்பெனிகள் வந்தன. நோயாளியின் வாந்தியைப் போஸ்டரில் போட்டு வளர்ந்த ஒரு தொழில், "இன்றைய நான்கு மருந்தும் கொடுத்த பிறகும் வாந்தியெடுப்பவருக்கு எங்கள் சரக்கு உதவுமா?" என்ற கேள்வியைச் சோதிக்க எவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டும்! அந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் வர 2024 ஆனது. அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் பணத்தில்.

அந்தச் சோதனையின் கட்டமைப்பு நேர்மையானது. வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் கொடுத்தும் வாந்தியெடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மருந்துகளைத் தொடர்ந்துகொண்டே, பாதிப் பேருக்கு டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் 2.5 மில்லிகிராம் வீதம் கலந்த கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு வெற்று கேப்ஸ்யூல். 147 பேர். ஐந்து நாளும் வாந்தியே இல்லாமல், கூடுதல் மருந்தும் கேட்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். கஞ்சா தரப்பில் 24 சதவீதம், வெற்று கேப்ஸ்யூலில் 8 சதவீதம்.

24இலிருந்து 8 போனால் 16. ஏற்கனவே எல்லாம் கொடுத்தும் தோற்றுப்போன நூறு பேரில் கூடுதலாகப் பதினாறு பேருக்கு ஐந்து நாள் நிம்மதி. மீதிப் பேரில் பலருக்குத் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வேறு.

முதல் தரப்பே, 16 என்பது அற்புதம் இல்லை. சிவபெருமான் தந்த சர்வரோக நிவாரணிக்கு இது அவமானகரமான மார்க். இரண்டாம் தரப்பே, 16 என்பது பூஜ்யமும் இல்லை. அந்தப் பதினாறில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால் அது சதவீதமாகத் தெரியாது. மருத்துவக் கஞ்சாவுக்கான என் வாதம் மொத்தமும் இந்த எண்ணுக்குள் அடங்கும். இதைவிடப் பெரிதாகச் சொல்கிறவர் விற்க வந்திருக்கிறார். சிறிதாகச் சொல்கிறவர் அந்த வாளியைப் பார்த்ததில்லை.

அதே செடி, எதிர்த் திசை

2004இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். பல ஆண்டுகளாகத் தினமும் கஞ்சா பிடிக்கும் சிலர் நிற்காத வாந்தியோடு வருகிறார்கள். எந்த டெஸ்டிலும் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு அடையாளம்: மணிக்கணக்கில் வெந்நீரில் குளிக்கிறார்கள். குளித்தால்தான் குமட்டல் அடங்குகிறதாம். கஞ்சாவை நிறுத்தியவர்களுக்கு வாந்தி நின்றது. மறுபடி தொட்டவர்களுக்குத் திரும்பி வந்தது. இன்று அதற்குப் பெயர் கன்னபினாய்டு ஹைப்பரெமெசிஸ். கொலராடோவில் சட்டம் தளர்ந்த பிறகு, திரும்பத் திரும்ப வாந்தியோடு எமர்ஜென்சிக்கு வருபவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானதாக ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது.

இதன் கொடுமை என்னவென்றால், வாந்தி வந்ததும் அவர்கள் செய்கிற முதல் காரியம் இன்னொரு ஜாயிண்ட் பற்றவைப்பது. ஏனென்றால் 'கஞ்சா வாந்தியை நிறுத்தும்' என்று எல்லோருக்கும் தெரியுமே! மூலிகைப் பிரச்சாரம் நேரடியாக ஆளைப் படுக்கவைக்கும் இடம் இது. பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிவிட்டால், பக்கவிளைவு வந்து வாசலில் நிற்கும்போது அதை அடையாளம் தெரியாது.

இது எதிர்பாராத திருப்பமும் இல்லை, எச்சரிக்கை ஏற்கனவே ஆய்வகத்தில் இருந்தது. எலிக்கு வாந்தி வராது, தெரியுமா? அந்தக் கருவி அதற்கு இல்லை. அதனால் வாந்தி ஆராய்ச்சிக்காரர்கள் நம் பிள்ளையாரின் வாகனத்தைத் தேடிப் போனார்கள். மூஞ்சூறு நன்றாகவே வாந்தியெடுக்கும். கனடாவில் லிண்டா பார்க்கரின் குழு மூஞ்சூறுகளுக்கு சி.பி.டி. கொடுத்துப் பார்த்தது. குறைந்த அளவில் வாந்தி அடங்கியது. அளவு கூடியபோது வாந்தியும் கூடியது. மருந்தா விஷமா என்ற பட்டிமன்றத்துக்கு மூஞ்சூறு கொடுத்த தீர்ப்பு: "எத்தனை மில்லிகிராம்னு முதல்ல சொல்லு."

எண்ணெய் பாட்டில்

மில்லிகிராம் என்ற சொல்லோடு நம் ஊருக்கு வருவோம்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்தது. இரண்டாவது சுற்றில் நான்கு நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. கீழ்வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே வாளி தேட வேண்டும். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் அண்ணன் ஆன்லைனில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தான். கஞ்சா இலைச் சாறு எடுத்த எண்ணெய், ஆயுர்வேத உரிமம், பெட்டியில் தங்க எழுத்து, விலை நான்காயிரத்துச் சொச்சம். பெரியம்மா அந்தப் பாட்டிலைத் தள்ளிவைத்துக்கொண்டு, "ஏன்டா தம்பி, இது கஞ்சாவாம்ல. சாமி கும்புடுறவ, நான் இதைத் தொடலாமா?" என்று கேட்டார். அண்ணன், "நீதான் எல்லாத்தையும் படிப்பியே, வேலை செய்யுமா சொல்லு" என்றான்.

லேபிளைப் படித்தேன். மூலிகையின் பெருமை இருந்தது. ஒரு சொட்டில் டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம், சி.பி.டி. எத்தனை என்பது இல்லை. பிறகு டாக்டரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று நாளுக்கான அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூல் இருந்தது. "வாந்தி மாத்திரைதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கேன்னு அதை வாங்கலை. விலையும் ஜாஸ்தியா இருந்துச்சு" என்றான் அண்ணன். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒண்டான்செட்ரானும் அப்ரெபிடன்டும் இரண்டு வேறு வாந்திகளுக்கான இரண்டு வேறு பூட்டுகள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டம் நெரியும் டே கேர் வார்டில் அதைச் சொல்ல ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் எண்ணெய் விற்றவனுக்கு மூன்று நிமிட வீடியோவுக்கு நேரம் இருந்தது. சீட்டில் உள்ளதை முழுசாக வாங்கினோம், ஓலான்சபைன் பற்றி டாக்டரிடம் கேட்டோம், அவரும் சேர்த்து எழுதினார். அந்தச் சுற்றின் மூன்றாம் நாள் பெரியம்மா ரசம் சாதம் கேட்டார். பாட்டில் திறக்கப்படவே இல்லை.

இந்த வியாபாரம் நிற்கும் இடம் சட்டத்தின் ஒரு சந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. வட மாநிலங்களில் பாங்கு கடை நடப்பது அதனால்தான். இலைச் சாற்று எண்ணெய்களும் அந்த வழியில்தான் வருகின்றன, பழைய நூல்களின் சான்றை வைத்து உரிமம் வாங்கிக்கொண்டு. கீமோ வாந்திக்குச் சோதனையில் நின்றது டி.எச்.சி., அல்லது டி.எச்.சி.யோடு சேர்ந்த சி.பி.டி. வெறும் சி.பி.டி. எண்ணெயை முற்றிய புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து பிரிஸ்பேனில் சோதித்தார்கள், 2023இல் முடிவு வந்தது: மொத்த உபாதையைக் குறைப்பதில் வெற்று எண்ணெயைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. ஒரு மூலக்கூறு வாங்கிய நல்ல பெயரில் இன்னொன்றை விற்பதற்குத் தமிழில் பழைய வார்த்தை இருக்கிறது. கலப்படம்.

"மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறியா?" என்று ஒருவர் வருவார். ஓலான்சபைன் மாத்திரை சில ரூபாய். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதன் வழக்கமான அளவு 10 மில்லிகிராம், பகலெல்லாம் தூங்க வைத்துவிடும். மும்பை டாடா மெமோரியலில் 2.5 மில்லிகிராமே போதுமா என்று சோதித்து, போதும், தூக்கமும் குறைவு என்று 2024இல் லான்செட் ஆன்காலஜியில் வெளியிட்டார்கள். மலிவான மாத்திரையை நாலில் ஒரு பங்காகக் குறைத்த ஆராய்ச்சியில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? இப்படிப்பட்ட வேலையைப் பற்றி ஒரு ரீல்ஸ் பார்த்திருக்கிறீர்களா?

வெள்ளைக்காரன் கதையையும் முடித்துவிடுகிறேன். அவன் 1893-94இல் கமிஷன் போட்டு, ஏழு வால்யூம் எழுதி, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றான். தடை போட்டது 1985இல் நம் நாடாளுமன்றம். அமெரிக்கா டி.எச்.சி.யைக் கேப்ஸ்யூலாக ஏற்ற அதே ஆண்டு.

"ஒருத்தனுக்குக் கொடுத்தா ஊரே கேக்கும்"

இனி இரண்டாம் தரப்பிடம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூட வாசல்வரை பொட்டலம் வருவது பொய் இல்லை. 'மருத்துவம்' என்ற சொல் போதைக்குப் பின்வாசல் ஆகும் என்பதும் கற்பனை இல்லை, கலிபோர்னியாவில் ஆனது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் பயத்தை வைத்து மட்டும் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. அதன் பெயர் மார்ஃபின்.

உலகத்தின் மருந்துகளுக்குச் சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இது. அதே 1985 சட்டம் வந்த பிறகு, ஆளாளுக்கு லைசென்ஸ், தப்பு நடந்தால் குறைந்தபட்சம் பத்து வருடம் என்ற பயத்தில் மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினை வைத்துக்கொள்வதையே நிறுத்தின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. எலும்புக்குள் பரவிய புற்றுநோய் வலியில் கத்தியபடி செத்தவர்கள் யாரும் போதை அடிமைகள் இல்லை. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு, 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 29 வருடம். தெருவில் போதை குறைந்ததா? அதுவும் இல்லை.

கஞ்சா மருந்து மார்ஃபின் அளவுக்கு அத்தியாவசியம் என்று நான் சொல்லவில்லை. பதினாறு பேர் என்று ஏற்கனவே எண்ணிக் காட்டிவிட்டேன். ஆனால் பாடம் ஒன்றே. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலேயே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விதிவிலக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்று வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரவாகக் கை தூக்கியது. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் உரிமம் பெற்று கஞ்சா வளர்த்து ஆராய்கிறது. கதவு பூட்டியில்லை, சாத்தியிருக்கிறது. தட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு தரப்பு கதவையே உடைக்கச் சொல்கிறது, இன்னொரு தரப்பு சுவர் வைக்கச் சொல்கிறது.

"கேப்ஸ்யூல் எதுக்கு, நோயாளி பிடிச்சிட்டுப் போகட்டுமே" என்பவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வாந்தியெடுப்பவருக்கு விழுங்கும் மருந்து திரும்பி வந்துவிடும், விழுங்கிய டி.எச்.சி. வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். புகை சில நிமிடங்களில் ஏறும். ஆனால் கீமோவில் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும் நுரையீரலுக்குள், பூஞ்சைக்காளான் ஏறிய காய்ந்த செடியின் புகை போனால் என்ன ஆகும்? ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று வந்து உயிர் போன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. அவருக்கு வேண்டியது சுதந்திரத்தின் சின்னம் இல்லை. சுத்தமான, அளந்த, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரிந்த மருந்து.

என்ன கேட்கிறேன்

மூன்றே மூன்று. ஒன்று: கீமோ எடுக்கும் ஒவ்வொருவருக்கும், அரசு மருத்துவமனை வார்டு உட்பட, வழிகாட்டுதலில் உள்ள நான்கு வாந்தி மருந்துகளும் கேட்காமலே கிடைக்க வேண்டும், எது எந்த நாளைக்கு என்று தாய்மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கஞ்சா விவாதத்தைவிட இது ஆயிரம் மடங்கு அதிக வாளிகளைக் காலி செய்யும். இரண்டு: அந்த நான்கும் தோற்றவர்களுக்கு, அளவு தெரிந்த டி.எச்.சி. கேப்ஸ்யூலை வைத்து இந்தியாவிலேயே, நம் நோயாளிகளிடம், ஓலான்சபைனுக்கு மேல் அது எதையாவது சேர்க்கிறதா என்று ஒரு சோதனை நடக்க வேண்டும். சேர்த்தால் சீட்டின் பேரில் கொடுங்கள், சேர்க்காவிட்டால் அதையும் அச்சிடுங்கள். மூன்று: மில்லிகிராம் போடாத எந்தக் கஞ்சா எண்ணெயும் புற்றுநோயாளியின் பெயரைச் சொல்லி விற்கப்படக் கூடாது.

இதில் போராட்ட வாசகம் ஆகும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். டி-ஷர்ட்டில் போட முடியாது. சித்தர்களும் இல்லை, சீரழிவும் இல்லை.

உங்களில் யார் வீட்டிலாவது நாளை கீமோ தொடங்கலாம். அப்போது வாட்ஸப்பில் பச்சை இலைப் படம் போட்ட செய்தி கட்டாயம் வரும். பதிலுக்கு மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லிகிராம், எத்தனை பேரிடம் சோதித்தது, எந்த மருந்தோடு ஒப்பிட்டது? அனுப்பியவர் பதில் சொல்லமாட்டார். அப்புறம் போனை வைத்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்: "டாக்டர், வாந்திக்கு எத்தனை மருந்து எழுதியிருக்கீங்க? மூணாவது நாளைக்கு எது?"